அரண்மனைக்காரத் தெருக் கோயில்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புலமை மிக்கோர் பேசும் இம்மேடையில், இரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கும் சில மணித்துளிகள் அளித்த செயலாளர்க்கு நன்றி. நாம் ஊர்விட்டுப் புனே நகருக்கு வந்து வாழ்கின்றோம். நம் ஊரை நாடி வந்து வாழ்ந்த ஒரு சிறு கூட்டத்தாரைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

விடுமுறையில் சென்னை சென்றிருந்தபோது, உயர்நீதிமன்றத்திற்கு அண்மையிலுள்ள ஆர்மீனியன் தெருவிற்குச் சென்றேன். அதனைப் பழஞ்சென்னை மக்கள் 'அரண்மனைக்காரத் தெரு' என்று வழங்கினர். ஆங்கே அரண்மனை ஏதும் இருந்ததில்லை. ஆர்மீனியன் என்னும் பெயரே தமிழர் நாவில் உருண்டு அரண்மனைக்காரன் ஆயிற்று. வந்தவர் பெயருக்கு நம் முன்னோர் தம் மொழியிலேயே இடமளித்த அழகைக் காணுங்கள்!

யார் இந்த ஆர்மீனியர்? மேற்காசியாவின் மலைநாட்டைச் சேர்ந்த பழங்குடிக் கிறிஸ்தவர். 1604, 1605ஆம் ஆண்டுகளில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், ஜுல்பா என்னும் ஊரில் வாழ்ந்த ஆர்மீனியரைக் கூட்டங்கூட்டமாகப் பெயர்த்து, தம் தலைநகராகிய இஸ்பஹானுக்கு அருகில் குடியேற்றினார். அவர்கள் புதிய குடியிருப்பிற்கும் ஜுல்பா என்றே பெயர் சூட்டினர். அங்கிருந்து வணிகத்தின் பொருட்டுக் கடல் கடந்து சென்னைக்கும் வந்தனர். 1688ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனியார் அவர்களோடு ஓர் உடன்படிக்கை செய்தனர். கம்பெனிக்குரிய ஊர்களில் ஆர்மீனியர் 40 பேர் வாழினும் கோயிலுக்கு நிலம் தருவதென்றும், குருவுக்கு 7 ஆண்டுகள்வரை ஆண்டொன்றுக்கு 50 பவுன் அளிப்பதென்றும் அதில் கண்டது. நாற்பதே பேர்! நம் சங்கத்தில் குடும்பங்களே அதனினும் மிகுதியன்றோ?

சென்னையில் அவர்களுடைய முதற்கோயில் 1712இல் எழுந்தது. இன்று நாம் காணும் கன்னி மரியாள் கோயில் 1772ஆம் ஆண்டினது. தனியே நிற்கும் மணிக்கூண்டில் ஆறு பெருமணிகள் உள்ளன. ஒரு மணி, 19 வயதில் மறைந்த எலியாசர் என்னும் இளைஞனின் நினைவாக 1778இல் அளிக்கப்பெற்றது. வேறொரு மணியில் தமிழ் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. அயல்நாட்டார் கோயிலின் மணியிலும் நம் தமிழ் உண்டென்பதை அறிந்தபோது என் உள்ளம் உவகையால் நிறைந்தது.

அவர்களுள் பெட்ரஸ் உஸ்கான் என்ற பெருவணிகர் ஒருவர். சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்க மக்கள் படும் துன்பத்தைக் கண்டு, 1726இல் தம் சொந்தப் பொருளால் பாலம் அமைத்தார். பரங்கிமலைக்குப் படிகளும் கட்டுவித்தார். அப்பழைய பாலம் இருந்த இடத்தில் இன்று மறைமலையடிகள் பெயரால் புதுப்பாலம் நிற்கிறது. உஸ்கான் 1751இல் மறைந்தார். அவர் விருப்பப்படி உடல் வேப்பேரியில் அடக்கம் செய்யப்பெற்றது. இதயம் மட்டும் ஜுல்பாவிற்கு எடுத்துச் செல்லப்பட்டது. ஊர்விட்டு வந்தோர் உள்ளத்தை இதனினும் தெளிவாக உரைப்பார் யார்?

எனினும் அவர்கள் விட்டுச்சென்றவற்றுள் தலையாயது எழுத்தே என்பேன். அக்காலத்தில் ஆர்மீனியருக்குத் தனியரசு இல்லை. தாயகம் பாரசீகருக்கும் துருக்கியருக்கும் உட்பட்டிருந்தது. அந்நிலையில் ஷஹாமிர் என்ற வணிகர் 1772இல் சென்னையில் ஆர்மீனிய அச்சுக்கூடம் நிறுவி, தம் இனத்து இளைஞரைத் தட்டியெழுப்பும் அறிவுரை நூலை வெளியிட்டார். பின்னர் ஷிராஸ் நகரிலிருந்து வந்த ஹருத்யூன் ஷ்மாவோனியன் என்னும் குரு, 1794இல் 'அஸ்தரார்' என்ற திங்களிதழைத் தொடங்கினார். உலகத்தில் ஆர்மீனிய மொழியில் தோன்றிய முதல் செய்தியிதழ் அதுவே! தாயகத்தில் தோன்றாத இதழ் நம் சென்னையில் தோன்றியது. 1796உடன் அது நின்றுபோயினும், அதன் பெருமை நிற்கவில்லை. 1824இல் மறைந்த அக்குருவின் கல்லறை அக்கோயில் வளாகத்திலேயே உள்ளது.

நம் தமிழும் முதன்முதல் அச்சேறியது 1554இல் லிஸ்பன் நகரில், அதுவும் உரோமன் எழுத்துகளில் என்பதை ஈண்டு நினைவூட்டுகின்றேன். தொலைவில் வாழ்வோர் தாய்மொழிக்கு ஆற்றும் தொண்டு சிறிதன்று.

அன்பர்களே, இன்று அக்கோயிலில் முந்நூற்றைம்பது கல்லறைகள் இருக்கின்றன. ஞாயிறுதோறும் கூடி வழிபடும் சபையார் இல்லை. வணிகம் நலிந்தது, பிள்ளைகள் வேறு நாடுகளுக்குச் சென்றனர். கல்கத்தாவிலுள்ள ஆர்மீனியக் கோயிற் குழுவினரே அதனைப் பேணி வருகின்றனர். கட்டடம் நிற்கிறது, அங்கு ஒலித்த மொழி அடங்கிவிட்டது. கல்லறைகளின்மேல் பொறித்த எழுத்துகளைப் படிப்பதற்கு அத்தெருவில் எவருமில்லை.

நம் பிள்ளைகள் மராத்தி பயில்கின்றனர். அது நன்று, இந்நாட்டு உப்பை உண்கின்றோம். வீட்டில் தமிழும் பேசுகின்றனர். ஆயினும் ஊரிலிருந்து பாட்டியார் தமிழில் எழுதும் நான்கு வரிகளைத் தந்தையாரிடம் நீட்டி, "படித்துச் சொல்லுங்கள் அப்பா" என்பார் எத்துணைப் பேர்! பேச்சு மட்டும் இருந்து எழுத்து மறைந்தால், அடுத்த தலைமுறையில் பேச்சும் மறையும். பொங்கலுக்குக் கூடிப் பொங்கலுண்டு பிரிவதனால் மட்டும் அதனைத் தடுத்துவிட இயலாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் சங்க இல்லத்தில் சிறுவர்க்குத் தமிழ் எழுத்துக் கற்பிப்போம். கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் போதும். வரும் ஆண்டு மலரில் நான்கு பக்கங்களைச் சிறுவர் தம் கையால் எழுதிய தமிழுக்கே ஒதுக்குவோம். பிழையிருப்பினும் அவ்வண்ணமே அச்சிடுவோம். ஷ்மாவோனியன் தனியொருவராக நின்று இதழ் நடத்தினார். நாம் இத்தனை குடும்பத்தார் நான்கு பக்கம் நிரப்ப மாட்டோமா?

உஸ்கானைப் போல் வாழும் ஊருக்குப் பாலம் அமைப்போம். ஷ்மாவோனியனைப் போல் பிறந்த மொழிக்கு எழுத்து அளிப்போம். இவ்விரண்டும் செய்தால் நாம் எங்கு வாழினும் அந்நியர் அல்லோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!