இறுகிய மரையும் இளகிய மனமும்
(மே முதல் நாள் திருப்பலிக்குப்பின் பங்குத் தொழிலாளரிடையே ஆற்றிய உரை)



தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-ஆம் ஆண்டில் மே முதல் நாளுக்கென ஏற்படுத்தினார். இந்நன்னாளில், ஓசூர் சிப்காட்டில் உழைக்கும் உங்களிடம் ஒரு போல்ட்டைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

நம் பங்கு இளைஞர் ஒருவர் குமரிக் கடற்கரையில் பிறந்தவர். கடலை விட்டு ஆலைக்கு வந்ததில் தந்தைக்கு மனத்தாங்கல், ஈராண்டாகப் பேச்சில்லை. சென்ற ஆண்டு, அத்தந்தையின் வள்ளத்து அவுட்போர்டு மோட்டாரின் கியர் பெட்டி, சாக்கில் கட்டி, ஊரார் ஒருவர் கையில் ஓசூர் வந்து சேர்ந்தது. உடன் ஒரு சொல்லும் வரவில்லை. தண்ணீர் பம்பின் இம்பெல்லர் தேய்ந்திருந்தது. அதை மாற்றாவிட்டால் எஞ்சின் சூடேறி நடுக்கடலில் நின்றுவிடும்.

பம்பு மூடியின் போல்ட் ஒன்று அசையவில்லை. இளைஞர் ஸ்பானரில் குழாயைச் செருகி அழுத்தினார், தலை முறிந்தது. உடனே துளையிட்டு ‘ஈஸி அவுட்’ போட முனைந்தார். நம் பங்கின் ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர் தடுத்தார். “தம்பி, அது கடின எஃகு. உள்ளே முறிஞ்சா சாதாரண டிரில் அதை அறுக்காது. அவசரப்படாதே.”

எஃகும் அலுமினியமும் உப்புநீரில் சேர்ந்திருந்தால் அலுமினியம் அரிக்கப்படுகிறது. அதிலிருந்து உண்டாகும் வெண்பொடி, உலோகத்தைவிட அதிக இடம் பிடித்து மரையை இறுக்குகிறது. ஆனால் சூட்டில் அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரிவதால், பெட்டியைச் சூடாக்கினால் பிடி தளரும். எச்சரிக்கையும் வேண்டும்: அலுமினியம் சிவந்து காட்டாமலே 660 டிகிரியில் உருகிவிடும்.

பெரியவர் கியர் ஆயிலை வடித்து, சீல்களைக் கழற்றி, மரையில் இளக்கும் எண்ணெய் விட்டு இரவு முழுதும் காத்திருக்கச் செய்தார். மறுநாள் பெட்டியை இதமாகச் சூடாக்கி, நீட்டிக்கொண்டிருந்த துண்டின்மேல் ஒரு நட்டை வெல்டிங் செய்தார். ஆறியபின், எண்ணெய் விட்டு விட்டு, முன்னும் பின்னுமாய்ச் சிறிது சிறிதாக அசைத்தார். மாலையில் துண்டு முழுதும் வெண்பொடியோடு வெளிவந்தது. அருகில் நின்று நாமும் கண்டோம்.

மரையைச் சுத்தஞ்செய்து, புதுப் போல்ட்டில் கிரீஸ் தடவினர். “கடலிலிருந்து வந்ததும் எஞ்சினை நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவணும்னு அப்பாகிட்ட சொல்லுப்பா” என்றார் பெரியவர். இளைஞர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் தாமே அப்பெட்டியைச் சுமந்து ஊருக்குப் பேருந்து ஏறினார்.

அன்புக்குரியவர்களே! நம் இல்லங்களிலும் இறுகிய மரைகள் உண்டு. அங்கே குழாய் செருகி அழுத்த வேண்டாம். எண்ணெய் விடுவோம், இதமான சூடு காட்டுவோம், காத்திருப்போம். முறிந்த பின்னும் வழி உண்டு என்பதை மறவாதிருப்போம்.

இறைவன் உங்கள் கைகளின் உழைப்பை ஆசீர்வதிப்பாராக!