அன்னையின் உடல்நலமும் வீட்டுச் சிக்கனமும்



சிக்கனத்தைப் பற்றி வகுப்பறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேசியவன் நான். வருவாய்க்குள் வாழ்தல் வேண்டும், சிறுதுளி பெருவெள்ளமாகும் என்றெல்லாம் உங்களைப் போன்ற பலருக்குப் போதித்திருக்கிறேன். அத்தகைய நானே சிக்கனம் எது என்று அறியாமல் தவறிய கதையொன்றை இன்று சொல்லப் போகிறேன்.

என் இல்லத்தில் வரவு செலவுக் கணக்கேடு ஒன்று உண்டு. அரிசி, பால், பள்ளிக் கட்டணம், மருந்து என்று தனித்தனிப் பத்திகள் இருக்கும். 2009ஆம் ஆண்டின் முடிவில் மருந்துப் பத்தியைக் கூட்டிப் பார்த்தேன். என் இரத்த அழுத்த மாத்திரையும் பிள்ளைகளின் காய்ச்சல் மருந்தும் அதில் இருந்தன. என் மனைவியின் பெயரில் ஒரு காசும் இல்லை. “உன்னைப்போல் உடல்நலம் உடையவர் இவ்வீட்டில் எவரும் இல்லை” என்று பெருமையாகச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு அடுக்களைக்குச் சென்றாள்.

அப்போது அவளுக்கு வயது நாற்பத்தாறு. ஓராண்டுக் காலமாக அவளுக்கு மாதந்தோறும் உதிரப்போக்கு அளவு கடந்திருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. இரவில் உடல் அனலாகி வியர்த்து உறக்கம் கெட்டது. “இந்த வயதில் எல்லாருக்கும் உள்ளதுதானே; இதற்கு ஏன் செலவு?” என்று எண்ணி அவள் வாய் திறக்கவில்லை. ஒரு நாள் காலையில் அடுப்பருகே மயங்கி விழுந்தாள்.

பதற்றத்தில் அருகிலிருந்த தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு ஓடினேன். இயக்குநீர்ச் சோதனைகள் உட்பட நீண்டதொரு பட்டியலை நீட்டினார்கள். நாலாயிரம் ரூபாய்க்குமேல் கட்டினேன். பின்னர் நண்பர் ஒருவர் சொற்கேட்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். அங்கிருந்த பெண் மருத்துவர் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். “ஐயா, இவற்றுள் பாதி தேவையே இல்லை. தேவையான சோதனையோ இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு ஒன்றே. அதை ஓராண்டுக்கு முன்பே பார்த்திருக்க வேண்டும்” என்றார். பெண்களுக்கு 12 கிராம் இருக்க வேண்டிய அளவு அவளுக்கு 7 ஆக இருந்தது. கணக்கேட்டில் மிச்சமாகத் தெரிந்த பணம் அவளுடைய குருதியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

இப்பொருளை மாணவரிடம் பேசலாமா என்று சிலர் ஐயுறலாம். உங்களுள் பலருடைய அன்னையர் இன்று நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதினர் அல்லரோ? ஆகவே மாணவிகள் மட்டுமின்றி மாணவர்களும் இதனை அறிதல் வேண்டும்.

பெண்ணின் சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீரைச் சுரக்கின்றன. நாற்பதைக் கடந்தபின் அச்சுரப்பு ஒரே சீராகக் குறைவதில்லை. ஒரு மாதம் மிகும், மறுமாதம் குறையும். அதனால் மாதவிடாய் நாள் தவறும், உடல் திடீரெனக் கொதிக்கும், உறக்கம் குறையும், சினமும் சோர்வும் தோன்றும். பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து மாதவிடாய் வராதிருப்பின் அது நின்றுவிட்டது என்பர். நம் நாட்டில் பெரும்பாலும் 46, 47 வயதையொட்டி இது நிகழ்கிறது. அதற்கு முந்திய ஆண்டுகளையே பெரிமெனோபாஸ் என்று மருத்துவர் வழங்குகின்றனர். இது நோயன்று, பருவ மாற்றம். ஆயினும் இப்பருவத்தில் நோய் வந்து மறைந்திருத்தலும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே சிக்கனத்தின் முதற்பாடம்.

எங்கே பணத்தை மிச்சப்படுத்தலாம்? நாற்பத்தைந்து வயதைக் கடந்த பெண்ணுக்கு இப்பருவம் வந்துவிட்டதா என்று அறிய விலையுயர்ந்த இயக்குநீர்ச் சோதனை பொதுவாகத் தேவையில்லை. அவ்வளவு நாளுக்கு நாள் மாறுவதால், ஒரு நாள் எடுத்த இரத்தம் உண்மையை உரைக்காது. வயதையும் அறிகுறிகளையும் கேட்டே மருத்துவர் தெளிவார். விளம்பரங்களில் வரும் சத்துமாவுகளும் வேண்டியதில்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. எலும்பை உறுதியாக்கும் நடைப்பயிற்சிக்குக் கட்டணம் ஏது? இரும்புச்சத்து மாத்திரைகளை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையின்றிப் பெறலாம். அவற்றைத் தேநீரோடு சேர்த்து உண்ணலாகாது. சத்து உடலில் சேராமல் வீணாகும்.

மருந்து வாங்க நேரின், அதன் மூலப்பெயரை எழுதித் தருமாறு மருத்துவரைக் கேட்கலாம். 2008இல் தொடங்கப்பெற்ற மக்கள் மருந்தகங்களிலும், 2025இல் நம் மாநிலத்தில் திறக்கப்பெற்ற முதல்வர் மருந்தகங்களிலும் மூலப்பெயர் மருந்துகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன.

எங்கே மிச்சப்படுத்தலாகாது? உதிரப்போக்கு மிகுந்தால் ஹீமோகுளோபின் பார்த்தே தீர வேண்டும். சோர்வும் படபடப்பும் தைராய்டுக் கோளாற்றாலும் வரக்கூடும். மருத்துவர் சொன்னால் அச்சோதனையையும் தவிர்க்கலாகாது. ஓராண்டு நின்றபின் ஒரு துளி உதிரம் கண்டாலும் உடனே மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். புற்றுநோயின் முதற்குறியாகவும் அஃது இருக்கலாம். இரத்த அழுத்தம், சர்க்கரை, மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றுக்கான முற்பரிசோதனைகளை அரசு மருத்துவ நிலையங்களில் கட்டணமின்றிச் செய்கின்றனர். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் பணியாளர் இல்லந்தோறும் வருகின்றனர். அவர்கள் வரும்போது அன்னையை அடுக்களையிலிருந்து அழைத்து வந்து அமரச் செய்யுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். “கருப்பையை எடுத்துவிட்டால் தொல்லை தீரும்” என்று எவரேனும் கூறினால் உடனே தலையசைத்துவிடாதீர்கள். அவ்வறுவை சிலருக்கு இன்றியமையாதது, எல்லாருக்கும் அன்று. தேவையற்ற கருப்பை நீக்கங்களைத் தடுக்க நடுவணரசு 2022இல் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. அவற்றை மாநிலங்கள் செயற்படுத்துமாறு 2023இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. ஆகவே மற்றொரு மருத்துவரின் கருத்தையும் கேட்டபின் முடிவு செய்தலே முறை.

என் மனைவிக்கு அரசு மருத்துவமனையில் ஸ்கேன் செய்து, கட்டி ஏதும் இல்லையென உறுதி செய்தபின், மருந்தினாலேயே உதிரப்போக்கைக் கட்டுப்படுத்தினார்கள். சில மாதங்களில் அவள் முகத்தில் பழைய நிறம் திரும்பியது. அங்கு எனக்கு ஆன செலவு பேருந்துக் கட்டணம் மட்டுமே. ஓராண்டுக்கு முன்பே நான் ஒரு சொல் கேட்டிருந்தால், அந்த நாலாயிரமும் மிஞ்சியிருக்கும்; அவள் துன்பமும் மிஞ்சியிருக்காது.

மாணவச் செல்வங்களே, இன்று உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். ஒரு பென்சிலும் ஒரு பழைய குறிப்பேடும் போதும். மாதவிடாய் வந்த நாள், நின்ற நாள், உறங்காத இரவு, மயக்கம் வந்த வேளை ஆகியவற்றை அதில் குறித்து வருமாறு அன்னையிடம் சொல்லுங்கள். மருத்துவர்முன் அந்த ஓர் ஏடு பல சோதனைகளுக்கு ஈடாகும். விடுமுறை நாளில் அவருடைய வேலையில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். “அம்மா, உடம்பு எப்படி இருக்கிறது?” என்று கேளுங்கள். “எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன்” என்பார். அவ்விடையோடு நின்றுவிடாமல் இரண்டாம் முறையும் கேளுங்கள்.

என் கணக்கேட்டில் இப்போதும் மருந்துப் பத்தி இருக்கிறது. அது வெறுமையாக இருக்கும் மாதங்களில் நான் மகிழ்வதில்லை. அவளிடம் சென்று கேட்கிறேன்.