ஜிலேபி மீனின் பிறந்த வீடு



இன்று ஒரு மீனைப் பற்றிப் பேசப் போகிறேன். இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் வந்தோமென்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நம் குளங்களில் பிடித்து ஜிலேபி மீன் என்று விற்கிறார்களே, அது நம் நாட்டு மீன் அல்ல. மொசாம்பிக் திலாப்பியா என்பது அதன் பெயர். ஆப்பிரிக்காவின் தென்கிழக்கே ஓடும் ஜாம்பேசி, லிம்போபோ முதலிய ஆறுகளே அதன் பிறப்பிடம்.

ஆண் மீன் அடிமண்ணில் குழி பறிக்கும். பெண் மீன் அதில் முட்டையிட்டு, உடனே வாயில் அள்ளிக்கொள்ளும். பார்த்தவன், "தாயே முட்டையைத் தின்கிறது, இது என்ன ஜென்மம்!" என்பான். அது தின்பதில்லை, அடைகாக்கிறது! சில நாளில் முட்டை பொரிந்த பிறகும் குஞ்சுகள் வாயிலேயே வளருகின்றன. வெளியே நீந்தப் பழகியபின்னும் ஆபத்து வந்தால் தாயின் வாய்க்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். அந்த நாட்களிலெல்லாம் தாய் அநேகமாய்ப் பட்டினிதான். இப்படிக் காப்பதால் குஞ்சுகள் பெரும்பாலும் பிழைத்துவிடுகின்றன. உப்புத் தண்ணீரையும் இம்மீன் தாங்கும்.

இந்தக் குணங்களைக் கண்டுதான், ஏழைக்கு மலிவாய் மீன் கிடைக்குமென்று நாடு நாடாய்க் கொண்டுபோய் விட்டார்கள். இந்தியாவுக்கு 1952-ல் வந்தது. நடந்தது என்ன? சின்ன வயதிலேயே குஞ்சு பொரித்து, குளம் நிறைந்து, இரை போதாமல் எல்லாம் குறுகிப்போயின. உள்ளூர் மீன்களின் இரைக்கும் இடத்துக்கும் போட்டி வந்தது. முதலில் ஒரு குளத்தில் விட்டுப் பார்த்து, பிறகு ஊரெல்லாம் விட்டிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

இனித்தான் வேடிக்கை. அதன் சொந்த லிம்போபோவிலேயே, வளர்ப்புக்கென்று கொண்டுவந்த நைல் திலாப்பியா ஆற்றில் புகுந்து, இதனோடு கலந்து குஞ்சு பொரிக்கிறது. கலப்பைக் குறை சொல்கிறானே, இவனும் ஜாதிக்காரன் மாதிரிப் பேசுகிறானே என்று எண்ணிவிடாதீர்கள். மனிதரெல்லாம் ஒரே இனம். இவை வேறு வேறு ஆற்றில் லட்சக்கணக்கான வருஷம் தனித்து வளர்ந்த இரண்டு இனங்கள். கலந்த குஞ்சும் மலடல்ல; மேலும் மேலும் கலக்கிறது. ஆகவே, ஊரெல்லாம் தொல்லையாய்ப் பெருகிய மீன், பிறந்த வீட்டில் அழியும் அபாயமுள்ள இனங்களின் பட்டியலில் ஏறியிருக்கிறது.

இன்று அந்த ஆற்றில் வலை போட்டால், வந்தது எந்த மீன் என்று தோற்றத்தை மட்டும் பார்த்துச் சொல்வது கஷ்டம். மரபணுவைச் சோதித்துத்தான் நிச்சயம் பண்ண வேண்டியிருக்கிறது.