கடல் தாண்டியவர்களும் தலைவிதியும்

(தொட்டியம் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



கடல் தாண்டிக் குடியேறியவர்களைக் காட்டும் சரித்திரப் படங்களைப் பற்றிப் பேச வேண்டுமென்று இவ்வூர் வாலிபத் தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். சினிமாவைப் பற்றிப் பேசப் பகுத்தறிவுக்காரனுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். புராணப் பிரசங்கத்துக்கு நூறு பேர் வருகிற ஊரில் சினிமாவுக்கு ஆயிரம் பேர் வருகிறார்கள். அந்த ஆயிரம் பேர் எதைப் பார்த்து எதை நம்பித் திரும்புகிறார்கள் என்று கவனிப்பது நம்முடைய வேலையே ஆகும்.

1952-ம் வருஷத்தில் இரண்டு படங்கள் வெளிவந்தன. ஒன்று அமெரிக்காவில் எடுத்த 'பிளைமவுத் அட்வென்ச்சர்'. மற்றொன்று நமது 'பராசக்தி'. இரண்டிலும் கப்பல் வருகிறது, கடல் வருகிறது, பிழைக்கப் போன ஜனங்கள் வருகிறார்கள். ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசந்தான் நான் சொல்ல வந்த சங்கதி.

முதற் படம் 1620-ல் 'மேஃபிளவர்' என்ற கப்பலில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போனவர்களின் கதை. பிரயாணிகள் 102 பேர். கடலில் 66 நாள். புயலைக் காட்டிய தந்திரக் காட்சிகளுக்காக அப்படத்துக்கு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. கப்பல் தலைவனுக்கும் ஒரு பிரயாணியின் மனைவிக்கும் காதல் என்று கதை கட்டியிருக்கிறார்கள். அதற்குச் சரித்திரத்தில் ஆதாரமில்லை. அது போகட்டும். கப்பலேறியவர்களில் பலர் மகா பக்தர்கள். மதச் சண்டையினாலேயே தேசத்தை விட்டவர்கள். ஜெபத்துக்குக் குறைவேயில்லை. அப்படியிருந்தும் முதல் குளிர்காலம் கழிவதற்குள் பாதிப் பேர் செத்துப்போனார்கள். மிஞ்சியவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? டிஸ்குவாண்டம் என்ற அந்நாட்டுப் பூர்வகுடி மனிதன் மக்காச்சோளம் விதைக்கும் முறையையும், மீனை எருவாகப் போடும் வகையையும் சொல்லிக் கொடுத்தான். அவனோ வெள்ளையரால் பிடிபட்டு ஸ்பெயினில் விற்கப்பட்டு, தப்பி ஊர் திரும்பியவன். சோறு கிடைக்க வழி காட்டியவன் மனிதன். நன்றி சொல்லப்பட்டது ஆண்டவனுக்கு! 1675-ல் அந்தப் பூர்வகுடிகளுக்கும் குடியேறியவர்களின் சந்ததிக்கும் யுத்தமே மூண்டது. நிலத்தை இழந்தவர்கள் பூர்வகுடிகள். குடியேறியவனை வீரனாகக் காட்டுகிற படத்தைப் பார்க்கும்போது, அங்கே முன்னமேயே குடியிருந்தவன் என்ன ஆனான் என்றும் கேட்க வேண்டும்.

நிற்க, நம்முடைய 'பராசக்தி'யைப் பார்ப்போம். தோழர் கலைஞர் கருணாநிதி வசனம் எழுதியது. கிருஷ்ணன், பஞ்சு இருவரும் டைரக்ட் செய்தது. திருச்சியில் வளர்ந்த சிவாஜி கணேசனுக்கு முதற்படம். ரங்கூனில் குடியேறிய மூன்று தமிழ்ச் சகோதரர்கள், மதுரையில் தங்கை. யுத்தம் வருகிறது. கப்பலில் ஒரே ஓர் இடம் கிடைக்கிறது. இளையவன் கடல் வழியே வருகிறான். மற்றவர்கள் தரை வழியே நடக்கிறார்கள். ஒருவன் காலை இழந்து பிச்சைக்காரன் ஆகிறான். இது வெறும் கற்பனையா? 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்து வந்தார்கள். பல்லாயிரம் பேர் காலராவிலும் பசியிலும் வழியிலேயே மாண்டார்கள். வெள்ளையனுக்கு ஒரு பாதை, கறுப்பனுக்கு ஒரு பாதை என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. ஆகவே 'பராசக்தி'யை நான் சரித்திரப் படம் என்றே சொல்லுவேன். ராஜா ஒருவரும் வராத சரித்திரப் படம்!

வைதீகர்கள் அதைத் தடை செய்யச் சொல்லிக் கூச்சலிட்டார்கள். ஏன்? பூசாரியின் யோக்கியதையைக் காட்டினார்கள் என்பதற்காக மட்டுமா? கப்பலேறிப் போனவன் கெட்டதற்கும், ஊரிலிருந்த தங்கை தெருவில் நின்றதற்கும் தலைவிதி காரணமல்ல, மனிதர்கள் அமைத்த ஏற்பாடுதான் காரணம் என்று அந்தப் படம் பாமரனுக்கும் விளங்கும்படி சொன்னது. அதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

அந்த ஏற்பாடு எப்படிப்பட்டது என்று பாருங்கள். கடற்பிரயாணம் ஜாதியைப் போக்கும் பாவங்களில் முதலாவது என்று போதாயன சூத்திரம் எழுதி வைத்தது. கப்பலேறியவனைச் சிராத்தத்துக்கு அழைக்காதே என்றது மனு. 1888-ல் காந்தியார் லண்டனுக்குப் புறப்பட்டபோது அவருடைய ஜாதியார் அவரைத் தள்ளி வைத்தார்கள். இதோ பக்கத்திலிருக்கும் நாமக்கல்லைக் கேளுங்கள்! கணித மேதை ராமானுஜன் 1914-ல் கடல் தாண்டுவதற்குத் தடையாயிருந்தது ஆசாரம். நாமகிரி அம்மன் கனவில் வந்து உத்தரவு கொடுத்ததாகவும், அதன் பிறகே போனதாகவும் அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். உலகம் வியந்த மூளைக்கே கப்பலேற ஒரு கனவு தேவைப்பட்டதென்றால், அந்தச் சாஸ்திரம் எவ்வளவு பேருடைய அறிவைக் கரையிலேயே கட்டிப் போட்டிருக்கும்?

ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள். அதே காலத்தில் ஏழைகளுக்கு எந்தக் கனவும் வரவில்லை. எந்தச் சாஸ்திரியும் குறுக்கே நிற்கவில்லை. 1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் புறப்பட்டது. நவம்பர் 16-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 342 பேரை இறக்கிற்று. ஐந்து வருஷ ஒப்பந்தம், கரும்புத் தோட்டம், முதல் வருஷச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங். 1911 வரை அப்படி நேட்டாலுக்குப் போனவர்கள் சுமார் 1,52,000 பேர். அவர்களில் பெரும்பகுதியார் சென்னை மாகாணத்தார். கப்பல் ஜாபிதாவில் பெயர், தகப்பன் பெயர், வயது, கிராமம் ஆகியவற்றோடு ஜாதிக்கும் ஒரு கட்டம் போட்டு எழுதினார்கள். ஆனால் நடுக்கடலில் அந்தக் கட்டம் சோறு போடவில்லை! பொது அடுக்களைச் சோற்றைத் தின்று, கப்பல் உறவு என்று புது உறவு கொண்டாடினார்கள். எந்தச் சமபந்தி மாநாடும் கூட்டாமல் பசியே அதைச் செய்து வைத்தது. ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கியவர்களுக்குத் தலைக்கு மூன்று பவுன் வரி போட்டார்கள். அதை எதிர்த்த போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை 1914-ல் பதினாறு வயதில் இறந்தாள். அதே வருஷம் அந்த வரி ஒழிந்தது. வரியைப் போட்டவன் மனிதன், ஒழித்தவர்களும் மனிதர்கள். இதில் பிரம்மா எழுதிய எழுத்து எங்கே இருக்கிறது?

இலங்கைக்குப் போனவர்களின் கதை இன்னும் சமீபம். முசிறி, துறையூர், நாமக்கல் பக்கத்து ஏழைகளைக் கங்காணிகள் மலைத் தோட்டங்களுக்கு அழைத்துப் போனார்கள். காட்டை வெட்டிக் காப்பியும் தேயிலையும் பயிராக்கியவர்களை 1948-ல் குடியுரிமை இல்லாதவர்களாக ஆக்கினார்கள். 1964-ல் இரண்டு சர்க்காரும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இங்கே, 3,00,000 பேர் அங்கே என்று பங்கு பிரித்தன. பங்கிடப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தோழர்களே! சோழ ராஜாக்களின் கப்பலைக் காட்ட இன்று கோடிக்கணக்கில் செலவழிக்கிறார்கள். நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பிய ராஜாவின் பெயர் தெரிந்த நமக்கு, நம் பாட்டன் ஏறிய கப்பலின் பெயர் தெரியவில்லையே! அதைப் படமாக எடுப்பவர்கள் உள்ளதை உள்ளபடி காட்ட வேண்டும். கடல் தாண்டியவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று புராணம் பாடக் கூடாது. பர்மாவில் நம் நாட்டு லேவாதேவிக்காரர்கள் கீழ்ப் பர்மா நெல் வயல்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கைக் கடனுக்கு ஈடாகக் கைப்பற்றினார்கள் என்பதும் சரித்திரமே.

இப்போது உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றிருக்கிறது. கங்காணி செத்துப்போகவில்லை, ஏஜண்டு என்று பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறான். 2022 முதல் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பி மியன்மாருக்கும் கம்போடியாவுக்கும் போன தமிழ் வாலிபர்கள் மோசடிக் கூடங்களில் அடைபட்டு, சர்க்கார் முயற்சியால் மீட்கப்பட்டார்கள். வாழையும் வெற்றிலையும் கோரையும் பயிரிட்டும் கடன் தீராத வீடுகளிலிருந்து பிள்ளைகள் வெளிநாடு புறப்படுகிறார்கள். புறப்படும்போது நாம் என்ன பார்க்கிறோம்? ராகு காலம் பார்க்கிறோம், சூலம் பார்க்கிறோம், அம்மனிடம் பூப்போட்டுப் பார்க்கிறோம். பார்க்க வேண்டிய ஒப்பந்தத்தை மட்டும் பார்ப்பதில்லை! ஏஜண்டுக்கு மத்திய சர்க்காரின் பதிவு உண்டா, விசா சுற்றுலாவுக்கா வேலைக்கா, சம்பளம் எழுத்தில் இருக்கிறதா என்று கேட்பதில்லை. கேட்காமல் அனுப்பிவிட்டு, கெட்ட பிறகு தலையெழுத்து என்கிறோம். தலையில் எழுதியிருப்பதாகச் சொல்வதை எவனும் படித்ததில்லை. தாளில் எழுதியிருப்பதைப் படிக்கலாம்; படிக்கத் தெரியாவிட்டால் படித்தவனைக் கேட்கலாம்.

பங்குனியில் அவ்வளவு பெரிய தேரைத் தோளில் தூக்கிச் சுமக்கிற ஊர் இது. அந்தத் தோள்களுக்குப் பலம் உண்டென்பதில் சந்தேகமில்லை. தேரைத் தூக்க ஒன்று கூடுகிறவர்கள், வெளிநாட்டில் சிக்கிய ஒரு பிள்ளைக்காக ஒன்று கூடிக் கலெக்டர் கச்சேரிக்குப் போகலாகாதா? வாலிபத் தோழர்கள் இவ்வூரில் ஒரு வாசகசாலை வைத்து, வெளிநாடு போகிறவர்களின் தாள்களைப் படித்துச் சொல்லும் வேலையைச் செய்வார்களானால், அது நூறு பிரசங்கங்களுக்குச் சமமாகும்.