மூன்று சுழியும் எட்டுக் கட்டமும்



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் வானொலிப் பேச்சுக்குச் சற்றே புதியது. வீடியோ கேம் என்று இளைஞர்கள் வழங்கும் திரை விளையாட்டுக்களைப் பற்றியது. அவற்றுள்ளும், அவ்விளையாட்டுக்களின்பால் ஈடுபாடு கொண்ட ரசிகர்கள் வரைகின்ற ஒருவகைச் சித்திரங்களைப் பற்றியது. "பிள்ளைகள் கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் சமாசாரம் நமக்கு எதற்கு?" என்று பெரியவர்கள் சிலர் நினைக்கலாம். சற்றுப் பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகிறோம். சொந்த ஊரை விட்டு வந்து, அயல் மாநிலத்தில் ஒரு வாடகை வீட்டுக்குள்ளே மொழியையும் வழக்கத்தையும் அடக்கிக் காத்துவரும் நம்மனோர்க்கு இதில் சிந்திக்கத் தக்கது ஒன்று இருக்கிறது.

ஃபோர்-கே எனப்படும் இன்றைய தொலைக்காட்சித் திரையில் அகலத்துக்கு 3,840, உயரத்துக்கு 2,160 என்ற கணக்கில், மொத்தம் 82,94,400 ஒளிப்புள்ளிகள் உள்ளன. இந்தப் புள்ளியைத்தான் பிக்சல் என்கிறார்கள். இத்திரைக்கென ஆக்கப்படும் புதிய விளையாட்டுக்களில் மழைத்துளி கன்னத்தில் வழிவதைக்கூடக் காணலாம். 1983-ஆம் ஆண்டு ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற விளையாட்டுப் பெட்டியின் படமோ 256-க்கு 240. அதாவது 61,440 புள்ளிகளே. முன்னது பின்னதைப் போல் 135 மடங்கு.

இவ்வளவு தூரம் முன்னேறி வந்த பின்னர், ரசிகர்களுள் ஒரு சாரார் திரும்பி நடக்கிறார்கள். நேற்று வெளிவந்த ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டு, "இஃது அந்தப் பழைய பெட்டியிலே வந்திருந்தால் எவ்வாறு இருந்திருக்கும்?" என்று வினவி, அதற்கு விடையாகச் சதுரம் சதுரமாகப் படம் எழுதுகிறார்கள். சிலர் படத்தோடு நில்லாமல் விளையாட்டையே அவ்வாறு சமைத்தும் விடுகிறார்கள். இதற்கு டிமேக் என்று பெயர். பழையதைப் புதுக்குவது ரீமேக் ஆனால், புதியதைப் பழையதாக்குவது டிமேக்.

பழைய பெட்டிகளின் நெருக்கடி எத்தகையது என்று முதலில் பார்ப்போம். ஃபேமிகாமில் படமானது எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட சிறு சதுரங்களால் அடுக்கப்படும். நடமாடும் உருவம் ஒன்றின் சதுரத்தில் மூன்று வர்ணங்களே ஏறும். உலகெங்கும் அறிமுகமான மரியோ என்ற மீசைக்காரர் இந்த நெருக்கடியின் பிள்ளை. 1981-இல் டாங்கி காங் என்ற விளையாட்டில் அவரை முதன்முதலாக வரைந்த ஷிகெரு மியாமோட்டோ, அத்தனை சிறிய இடத்தில் தலைமயிரை வரைய இயலாமையால் தொப்பி வைத்தார். வாயை வரைய இயலாமையால் மீசை வைத்தார். கை வீசுவது தெரியவேண்டும் என்பதற்காக உடம்பிலிருந்து கையைப் பிரித்துக் காட்டும் தொழிலாளர் உடுப்பை அணிவித்தார். 1985-இல் வெளிவந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. அதில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே படம். வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர்!

அன்றைய கலைஞர்களுக்கு இது வேறு வழியின்றி வந்த சிக்கனம். இன்றைய ரசிகர்கள் அதையே விரும்பி மேற்கொள்கிறார்கள். இதற்கு நல்ல உதாரணம் ஒன்று உண்டு. 2001-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஹேலோ என்ற பெரிய போர் விளையாட்டை வெளியிட்டது. அக்காலத்தில் அந்நிறுவனத்தின் விளையாட்டுப் பிரிவை நடத்திவந்த எட் ஃபிரைஸ் என்பவரே, பதவியிலிருந்து விலகிய பின்னர், 2010-இல் அந்த ஹேலோவை 1977-ஆம் ஆண்டின் அட்டாரி 2600 பெட்டிக்கு ஏற்றவாறு சுருக்கி எழுதினார். நிரல் முழுவதற்கும் அவர் எடுத்துக்கொண்ட இடம் நான்கு கிலோபைட்டு. அப்பெட்டி ஓடும்போது நினைவில் வைத்துக்கொள்ளக்கூடியது 128 பைட்டு. இன்றைய கணினி வழக்கில் ஒரு குறட்பாவைத் தமிழில் எழுதிவைக்கக்கூட அந்த 128 பைட்டுப் போதுவது அரிது. ஆயினும், பச்சைக் கவசம் பூண்ட அந்த வீரன் திரையில் தோன்றியதும் ஹேலோவை அறிந்தவர்கள் அவனை அடையாளம் கண்டுகொண்டார்கள். 2013-இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலைக்கூடம் இவ்வாக்கத்தைத் தன் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது.

நம் தொழில் மொழிபெயர்ப்பு. மத்திய அரசின் விதிகளையும் சுற்றறிக்கைகளையும் படிவங்களையும் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுவருவது. ஆங்கிலத்துக்கென அளந்து விட்ட கோட்டில் தமிழ் வாக்கியம் அடங்குவதில்லை என்பதை நாள்தோறும் காண்கிறோம். அடங்காதபோது எதை விடுவது, எதை விடக்கூடாது என்று தீர்மானிக்க வேண்டும். அடைமொழியை விட்டால் அழகு குறையும். "அல்லது" என்ற சொல்லை விட்டால் ஒருவருடைய ஓய்வூதியமே குறைந்துபோகும்! ஆகவே, இந்தச் சதுரச் சித்திரங்களைக் கண்டபோது அவை நமக்கு விளையாட்டாகத் தோன்றவில்லை. அவையும் மொழிபெயர்ப்பே. பெரிய இடத்தில் சொன்னதைச் சிறிய இடத்தில் சொல்லும் முயற்சி அது.

நாம் குடியிருக்கும் மட்டாஞ்சேரி, இக்கலையின் இலக்கணத்தைக் கண்முன்னே காட்டும் ஊர். 1568-இல் எழுந்த பரதேசி யூத ஆலயத்துக்குள் சென்று தரையை நோக்குங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து கப்பலில் வந்த, வெள்ளையில் நீல வர்ணத்தால் கையினால் எழுதிய பீங்கான் தளக்கற்கள் வரிசை வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு சதுரத்திலும் சிறு காட்சி, வர்ணமோ ஒன்றே. அதனருகிலுள்ள அரண்மனை, 1555-இல் போர்ச்சுகீசியர் கட்டிக் கொச்சி மன்னர்க்கு அளித்தது. 1663-இல் டச்சுக்காரர் பழுது பார்த்தமையால் டச்சு அரண்மனை என்று பெயர் பெற்றது. அதன் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணம் தீட்டப்பட்டிருக்கிறது. கேரளச் சுவர்ச் சித்திர மரபு மஞ்சள், சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளை என்ற ஐந்து வர்ணங்களில் அமைவது. தெய்வமும் அரக்கரும் வானரரும் வனமும் அந்த ஐந்தினுள்ளே பிறக்க வேண்டும். இவற்றோடு, இவ்வூர்த் தமிழர் வீட்டு வாசல்களில் விடிகாலையில் விழும் புள்ளிக் கோலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழு புள்ளி ஏழு வரிசைக்குள் தேரும் தாமரையும் வரும். வரையறுத்த கட்டமும் வரையறுத்த வர்ணமும் கலைக்குப் பகையல்ல என்பதை இந்த ஒரு சிற்றூர் மூன்று விதமாகச் சொல்லுகிறது.

இனி நம் விஷயத்தின் உயிரான இடத்துக்கு வருவோம். 2023-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெண்பா என்ற விளையாட்டு வெளிவந்தது. கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்ற சிறு குழுவினர் ஆக்கியது. 1980-களின் இறுதியில் கனடாவில் குடியேறிய வெண்பா, பாவலன் என்ற தமிழ்த் தம்பதியும், அவர்கள் மகன் கவினும் அதன் பாத்திரங்கள். தாய் கொடுத்தனுப்பிய சமையற் குறிப்பேடு சிதைந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விடுபட்டதை ஊகித்து இட்லியும் புட்டும் பிரியாணியும் சமைப்பதே ஆட்டம். மகனோ மெல்ல மெல்லத் தமிழை விட்டு விலகுகிறான். 2024-இல் இவ்விளையாட்டு சுயேச்சை விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசையும், பிரிட்டனின் பாஃப்டா அமைப்பின் சிறந்த முதற்படைப்புப் பரிசையும் பெற்றது.

நம் தெருவில் ஒரு தமிழ்க் குடும்பம். மூன்று தலைமுறையாக இங்கே இருப்பவர்கள். அவ்வீட்டுப் பெண், பள்ளி மாணவி. மலையாளம் நன்றாக எழுதுவாள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. வெண்பா விளையாட்டை ஆடி முடித்தவள், அதைப் பழைய ஃபேமிகாம் பாணியில் வரையத் தொடங்கினாள். இட்லித் தட்டுக்கள் பதினாறு கட்டத்துக்குள் வந்தன. ஆனால் பார்ப்பதற்கு நாணய அடுக்குப்போல் இருந்தன. மேலே மூன்று வெள்ளைப் புள்ளிகளை வளைத்து வைத்தாள். ஆவி எழுந்தது, நாணயம் இட்லியாயிற்று. அதன்பின் விளையாட்டின் பெயரைத் தமிழிலேயே எழுத விரும்பி, எழுத்துக்களைப் பார்த்துப் பார்த்து எட்டுக்கு எட்டுச் சதுரங்களில் இட்டாள். அருகில் வந்த பாட்டியார் கண்ணாடியை உயர்த்திப் பார்த்து, "ஒரு சுழி குறையுதே, கண்ணு" என்றார்.

மூன்று சுழி ணகரம் அந்தச் சதுரத்தில் இரண்டு சுழி னகரமாகிவிட்டிருந்தது. பிள்ளையின் கவனக்குறைவு என்று சொல்வதற்கில்லை. நாமும் கட்டத் தாளில் வைத்துப் பார்த்தோம். ஒரு கோடு, ஓர் இடைவெளி, ஒரு கோடு என்று நெருக்கி எழுதினாலும் எட்டுக் கட்டத்துக்குள் ணகரம் அடங்கவில்லை. அச்சதுரம் ரோமானிய எழுத்துக்கும் ஜப்பானியரின் கானா எழுத்துக்கும் ஏற்ற அளவு. அந்த ஜப்பானியரே, 1986-இல் வந்த டிராகன் குவெஸ்ட் என்ற விளையாட்டில் இடப்பற்றாக்குறையால் கட்டகானா எழுத்துக்களுள் ஒரு பகுதியை மாத்திரம் வைத்துக்கொண்டு, அவற்றில் அடங்கும் பெயர்களையே சூட்டினார்கள். ஃபேமிகாமில் பின்புலப் படத்துக்கென ஒரே வேளையில் இருக்கும் சதுர வகைகள் 256. நம் எழுத்துக்கள் 247-க்கும் தனித்தனிச் சதுரம் கொடுத்தால், வானத்துக்கும் பூமிக்கும் மிஞ்சுவது ஒன்பது!

அந்தப் பெண் என்ன செய்தாள்? "இது மலையாளத்தில் நீ எழுதும் அதே ணகார ஒலிதான், அங்கேயும் அதற்கும் னகாரத்துக்கும் எழுத்து வேறல்லவா?" என்று பாட்டியார் விளக்கியவுடன் புரிந்துகொண்டாள். தலைப்பைச் சுற்றி வரைந்திருந்த வாழையிலைக் கரையை அழித்தாள். அவ்வாறு கிடைத்த இடத்தில் ணகரத்துக்கு இரண்டு சதுரம் கொடுத்தாள். மூன்று சுழியும் வந்தன. வென்பா என்று எழுதப்பட்டது வெண்பா ஆயிற்று. பாட்டியார் பக்கத்தில் இராவிடில், கரை அழகாக இருந்திருக்கும்; பெயர் போயிருக்கும்.

இந்தச் சித்திரக்கலையின் பயன் இதுவே என்று கருதுகிறோம். இடம் குறையும்போது எது அணி, எது உயிர் என்பது வெளிப்பட்டுவிடுகிறது. ஆனால், அதைக் கண்டு சொல்ல மூலத்தை அறிந்தவர் ஒருவர் வேண்டும். ரசிகனால்தான் டிமேக் செய்ய முடியும். மூலத்தை அறியாதவன் செய்தால் வெறும் சதுரங்களே மிஞ்சும்.

"இதெல்லாம் பழமை மயக்கம்" என்று ஓர் ஆட்சேபம் கூறலாம். அதில் ஓரளவு உண்மை உண்டு. அக்காலத்துக் குழாய்த் தொலைக்காட்சியில் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து மங்கலாகவே தெரிந்தன. இன்று ரசிகர்கள் வரையும் கூர்மையான சதுரங்களை அன்று விளையாடியவர்கள் கண்டதில்லை. ஆக, இவர்கள் திரும்பிச் செல்லும் பழமை, இவர்களே ஆக்கிக்கொண்ட பழமை. நாம் மட்டும் என்ன? பம்பாயிலும் டில்லியிலும் கொச்சியிலும் இருந்துகொண்டு நாம் நினைவில் வைத்திருக்கும் ஊரும் அத்தகையதுதான். அதன் ஆற்றில் எப்போதும் தண்ணீர் ஓடுகிறது; அதன் திருவிழாவில் சண்டையே இல்லை. பிள்ளைகளுக்குச் சுருக்கிக் கொடுக்கும்போதேனும் எது உண்மை, எது நாம் தீட்டிய கூர்மை என்று பிரித்தறிவது நம் கடமை.

மற்றொன்று சட்டம். ஒரு படைப்பை வேறு வடிவத்துக்கு மாற்றும் உரிமை அதன் ஆசிரியர்க்கும் உரிமையாளர்க்கும் உரியது என்பது நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் அடிப்படை. ஆதலின், வீட்டுப் பிள்ளைகள் பழகுவதற்காகப் படம் எழுதுவது வேறு. பிறர் விளையாட்டின் உருவங்களைச் சட்டையிலும் கோப்பையிலும் அச்சிட்டு விற்பது வேறு. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லிவைப்பது நன்று.

நேயர்கள் தங்கள் இல்லத்தில் எளிதாகச் செய்து பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. கணினி வேண்டாம். கட்டம் போட்ட கணக்கு நோட்டும் மூன்று வர்ணப் பென்சிலும் போதும். பதினாறுக்குப் பதினாறு கட்டத்தை எல்லையாக வகுத்து, வீட்டிலுள்ள பொருள் ஒன்றை, குத்துவிளக்கையோ அம்மிக்கல்லையோ காப்பி டவராவையோ, வரையுமாறு பிள்ளையிடம் சொல்லுங்கள். அடுத்தபடியாக அப்பிள்ளையின் பெயரைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். இடம் போதவில்லை என்று பிள்ளை சொல்லும், நிச்சயமாகச் சொல்லும். அவ்வேளையில் அருகில் அமர்ந்து, எதை அழிக்கலாம், எதை அழிக்கலாகாது என்று இருவரும் பேசிக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்தே அறியாத பிள்ளையும் அந்த ஒரு மணி நேரத்தில் தன் பெயரிலுள்ள சுழிகளை எண்ணத் தெரிந்துகொள்ளும்.