ஊர் இரவும் பட்டின இரவும்

ஓர் ஊரைப் பகலில் மட்டும் பார்த்தவன் அதன் பாதியையே பார்த்தவன் ஆவான். பகற்பொழுதில் எந்தப் பட்டினமும் ஏறக்குறைய ஒரே தன்மையது. கந்தோர்களும் கடைகளும் திறந்திருக்கின்றன. மக்கள் அவரவர் தொழிலின் பின்னே விரைகின்றனர். விளக்கேற்றிய பின்னரே ஊர் தன் இயல்பைக் காட்டத் தொடங்குகிறது. தொழில் முடிந்த மனிதன் எங்கே செல்கிறான், யாருடன் பொழுது போக்குகிறான், எப்போது வீடு திரும்புகிறான் என்பவற்றை அறிந்தால், அவ்வூரின் சமூக வாழ்வைப் பெரும்பாலும் அறிந்ததாகும்.

பழந்தமிழ்ப் புலவர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி மதுரை மாநகரின் பகலை மட்டும் பாடி அமையவில்லை. நாளங்காடி என்னும் பகற்கடைத் தெருவைக் காட்டியபின், அல்லங்காடி என்னும் இராக்கடைத் தெருவையும் காட்டுகிறது. பின்னர் யாமம் யாமமாக நகரின் இரவை விரிக்கிறது. பணியாரம் விற்போர் இருந்தபடியே உறங்குவதும், விழாவில் ஆடிய கூத்தர் ஓய்ந்து துயில்வதும், கள்வர் திரிவதும், அவரைத் தேடிக் காவலர் உலவுவதும் அதில் இடம்பெறுகின்றன. நகரத்து இரவு அச்சமும் அழகும் கலந்தது என்பதைத் தமிழர் அன்றே கண்டிருந்தனர்.

பிறந்த ஊரை விட்டுப் புதிய நகரிற் குடியேறுபவனுக்கு இவ்விரவே முதற் சோதனை. பகலில் அவனுக்குத் தொழில் துணையாக இருக்கிறது. மாலை ஆறு மணிக்குப் பின் அவனுக்குத் துணை யார்? இக்கேள்விக்கு விடை தேட யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் ஒப்பிட்டு நோக்குதல் தகும். 1905 ஆம் ஆண்டில் இரு நகரங்களையும் புகையிரதப் பாதை இணைத்தது. ஆங்கிலக் கல்வி கற்ற இளைஞர் தலைமுறை தலைமுறையாக அவ்வழியே தெற்கு நோக்கிச் சென்று, இலிகிதராகவும் கணக்காளராகவும் ஆசிரியராகவும் அமர்ந்தனர். மாலையில் யாழ்ப்பாணத்தில் மெயில் வண்டி ஏறியவன் விடியும்போது கோட்டை நிலையத்தில் இறங்கினான். ஓர் இரவுப் பயணமே ஆயினும், அவன் கடந்தது இருவேறு இரவுகளுக்கு இடையே உள்ள தூரமாகும்.

யாழ்ப்பாணத்துக் கிராமத்தின் மாலை எளிமையானது. கிணற்றடியில் உடலைக் கழுவி, திருநீறு பூசி, கோவிலுக்கு ஒருமுறை சென்று வந்தபின் ஆடவர் சந்திக்குச் செல்வர். அங்கே வாசிகசாலையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, மற்றவர் கேட்டிருப்பர். இளைஞருக்கு ஒழுங்கை முடிவில் மதகு ஒன்று இருக்கும். அதுவே அவர்தம் சபை. எட்டு மணிக்கெல்லாம் பெரும்பாலான வீடுகள் அடங்கிவிடும். நாளாந்தம் அவ்வூருக்கு நீண்ட இரவு இல்லை.

ஆனால் திருவிழாக் காலத்து இரவுக்கு எல்லையே இல்லை. கோவில் வீதியிற் பாய் விரித்து, குழந்தைகளை மடியிற் கிடத்தி, நாதசுரமும் தவிலும் போட்டியிட்டு முழங்குவதை விடிய விடியக் கேட்ட மக்கள் அவர்கள். தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் கைவண்ணத்தை அறிந்த தலைமுறை அது. நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாக மயான காண்டத்தில் தோன்றும் இரவில், அயலூர்களிலிருந்தும் மக்கள் வண்டில் கட்டி வந்தனர். இவற்றுக்கு அழைப்பிதழ் தேவைப்படவில்லை. தனியே செல்கிறோமே என்ற கவலை எவருக்கும் எழவில்லை. ஊரிற் பிறந்ததனாலேயே துணை கிடைத்தது.

இத்தகைய ஊரிலிருந்து கொழும்புக்கு வந்த இளைஞனின் முதல் வாரத்தை எண்ணிப் பார்க்கலாம். மின்விளக்கு வரிசைகளும், காட்சிச்சாலைகளும், நள்ளிரவு வரை அணையாத உணவுக்கடை அடுப்புகளும் அவனை வியப்பில் ஆழ்த்துகின்றன. காலிமுகத்திடலில் கடற்காற்று வாங்கி, இறால் வடை தின்று, பட்டம் விடும் சிறுவரைப் பார்த்து நிற்கிறான். தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1859 ஆம் ஆண்டில் நிறைவுற்ற அத்திடலின் நடைபாதையை, நகரத்துப் பெண்டிர், சிறுவர் நலன் கருதிப் பேணுமாறு தமக்குப் பின்வருவோருக்கு அவர் பரிந்துரைத்த கல்வெட்டு அங்குண்டு. அன்றுதொட்டு அது காசின்றிக் கிடைக்கும் மாலைப்பொழுதாக விளங்குகிறது.

மூன்றாவது வாரத்தில் அவ்வியப்பு குறைகிறது. ஆயிரம் பேர் உலவும் அத்திடலில் தன் பெயர் அறிந்தவர் ஒருவரும் இல்லை என்பதை அவன் உணர்கிறான். ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறான். அப்படத்தைப் பற்றிப் பேச ஆள் இல்லை. ஊரில் எட்டு மணிக்கு அடங்கிய இரவு அவனுக்குக் குறுகியதாகத் தோன்றியதே இல்லை. பட்டினத்தில் பன்னிரண்டு மணி வரை ஒளிவீசும் இரவு அவனுக்கு மிக நீண்டதாக இருக்கிறது.

கேளிக்கையை விலைகொடுத்துப் பெறலாம். கூட்டுறவை அவ்வாறு பெற இயலாது. ஊரில் அது பிறப்போடு வருவது. நகரில் அது முயன்று தேடவேண்டியது. இவ்வேற்றுமையை அறியாதவனே, புதிய நகரை நன்றியற்ற நகர் என்று பழித்து, ஒவ்வொரு விடுமுறையையும் எண்ணி ஏங்கிக் கிடக்கிறான்.

கொழும்பிற் குடியேறிய தமிழர் இத்தேவைக்குப் பல வழிகள் கண்டனர். அவற்றுள் முதலாவது, ‘சமறி’ என்று பேச்சில் வழங்கிய கூட்டுக்குடித்தனம். மணமாகாத இளைஞர் சிலர் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையலுக்கு ஒருவரை அமர்த்தி, செலவைப் பங்கிட்டு வாழ்ந்தனர். புதிதாக வந்தவன் பெட்டியை வைக்குமுன்பே, மூத்தவர் ஒருவர், “தம்பி, சாப்பிட்டாச்சோ? முதலிலை கையைக் கழுவிப்போட்டு இரும்” என்பார். அந்த ஒரு சொல் காலிமுகத்திடலின் எல்லா விளக்குகளையும்விட அவனுக்குப் பெரிதாக இருந்திருக்கும்.

இரண்டாவது வழி சங்கங்களும் மன்றங்களும். 1942 ஆம் ஆண்டில் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில் நூலகமும் மண்டபமும் கொண்டு, சொற்பொழிவுக்கும் கலந்துரையாடலுக்கும் இடமளித்து வருகிறது. மூன்றாவது வழி திருவிழாக்கள். ஆடிவேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து தேர் புறப்படும்போது, தலைநகரே சில நாள் ஊராக மாறிவிடுகிறது.

இவை தமிழர் தமக்கெனக் கண்ட வழிகள். கொழும்பின் இரவு அவர்களுக்கு மட்டும் உரியதன்று. கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்திற் செவ்வாய்க்கிழமைகளில் எல்லாச் சமயத்தாரும் மெழுகுதிரி ஏந்தி நிற்பதைக் காணலாம். நோன்பு மாதத்தில் இஸ்லாமியர் வாழும் தெருக்கள் நள்ளிரவு கடந்தும் விழித்திருக்கின்றன. வெசாக் இரவில் வெளிச்சக் கூடுகளின் கீழே நகரமே நடந்து திரிகிறது. ‘தன்சல்’ எனும் அன்னதானப் பந்தலில், வருபவர் எவர் என்று வினவாமல் உணவளிக்கின்றனர். அந்நியன் ஒருவன் விருந்தினனாக மாற நகரம் திறந்துவைக்கும் வாயில்கள் இவை. தன்னவரை மட்டும் தேடுபவனுக்கு இவ்வாயில்கள் கண்ணிற் படுவதில்லை.

இவ்வளவு கூறியபின், ஊர் இரவு யாவர்க்கும் இனியதாக இருந்தது என்று எவரும் எண்ணிவிடலாகாது. அம்மாலைப்பொழுதின் வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டவரும் இருந்தனர். சாதியாற் கீழென ஒதுக்கப்பட்டவருக்குத் தேநீர்க்கடையில் இருக்கை மறுக்கப்பட்டது. தேநீர் போத்தலிலோ சிரட்டையிலோ கொடுக்கப்பட்டது. திருவிழா இரவில் அவர் நிற்கவேண்டிய இடம் கோவிலுக்குப் புறத்தேயே வகுக்கப்பட்டிருந்தது. சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்யும் சட்டம் 1957 ஆம் ஆண்டில் நிறைவேறிய பின்னரும், 1968 ஆம் ஆண்டில் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. அவ்வாறு ஒதுக்கப்பட்ட குடும்பத்து இளைஞன் கொழும்பில் ஓர் இரவு தேநீர்க்கடைக்குள் நுழைந்து, பிறரோடு ஒரே வாங்கில் அமர்ந்து, அவர் குடிக்கும் கோப்பையிலேயே குடித்தபோது, அவன் பட்டின இரவை நன்றியற்றது என்று கூறியிருப்பானா? ஊர் இரவு அறிந்தவரை அணைத்தது. சிலரை அறிந்தே விலக்கியது. பட்டின இரவு எவரையும் அணைக்கவில்லை. ஆனால் அவ்வாறு விலக்கவும் இல்லை. இவ்விரண்டையும் சேர்த்து நிறுப்பதே நேர்மையான ஒப்பீடாகும்.

பெண்களின் நிலையையும் இவ்விடத்து மறத்தலாகாது. சந்தியும் மதகும் ஆடவருக்கு உரியனவாகவே இருந்தன. பெண்ணுக்குக் கிடைத்த இரவு கோவில் வீதியும் சுற்றத்தார் முற்றமுமே. நகருக்குத் தொழில் தேடி வந்த பெண்ணோ, விடுதிக் கதவு அடைக்கப்படும் நேரத்தை அஞ்சி, இருளுமுன் பேருந்துக்கு விரைய வேண்டியவளாகிறாள். ஒரு நகரின் இரவு நல்லதா என்பதை அங்குள்ள விளக்குகளின் தொகையால் அளத்தல் பொருந்தாது. தனியே வீடு திரும்பும் பெண் தன் நடையை விரைவுபடுத்த வேண்டியிருக்கிறதா என்பதே சரியான அளவுகோல்.

இரவின் இனிமைக்கு அடிப்படை அமைதி. இதனை இந்நாட்டு மக்களைப்போல் அறிந்தவர் சிலரே. 1958 ஆம் ஆண்டிலும் 1983 ஆம் ஆண்டிலும் நிகழ்ந்த வன்செயல்களில், கொழும்பில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த குடும்பங்கள் இரவோடிரவாக வீடிழந்தன. மறுபுறத்தில், 1990 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது, மின்னொளியும் அற்றது. சிறு போத்தலில் திரியிட்டு ஏற்றிய விளக்கின்முன் பிள்ளைகள் படித்தனர். துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, அதன் மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோ தரும் மின்சாரத்தில் வானொலி கேட்டனர். ஒருவர் சுற்ற, அயலவர் பலர் சூழ்ந்திருந்து செய்தி கேட்ட அவ்விருண்ட முற்றங்களிலும் ஒரு சமூக வாழ்வு இருந்தது. விளக்கில்லாத இடத்திலும் கூட்டுறவு வாழும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

2009 ஆம் ஆண்டில் போர் முடிந்தது. 2014 ஆம் ஆண்டில் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. இன்று யாழ்ப்பாண நகரிலும் இரவில் நெடுநேரம் உணவகங்கள் திறந்திருக்கின்றன. வெள்ளவத்தையிலோ பழைய வீடுகள் இருந்த இடங்களில் மாடிக்குடியிருப்புகள் ஓங்கி நிற்கின்றன. வெளியே சென்று துணை தேடவேண்டிய நேரத்தில், கைத்தொலைபேசி ஊரையே உள்ளங்கைக்குக் கொண்டுவருகிறது. இது பெருநன்மையே, எனினும் இதிலே ஒரு தீங்கும் உண்டு. இரவுதோறும் ஊரிலுள்ளவரோடு பேசி மகிழ்பவன், அடுத்த கதவில் வாழ்பவரின் பெயரை ஐந்தாண்டு கழிந்தும் அறியாதிருத்தல் கூடும். அவன் கொழும்பிற் படுத்துறங்குகிறான்; ஆனால் அங்கே வாழவில்லை.

ஆகவே, புதிய நகருக்குச் செல்பவன் அங்கே எத்தனை காட்சிச்சாலைகள் உள்ளன, எத்தனை மணிவரை கடைகள் திறந்திருக்கும் என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. முதல் மூன்று மாதங்களுக்குள் மூன்று இடங்களை அவன் தேடிக்கொள்ளுதல் நன்று. தன் முகம் கண்டதும் கேளாமலே தேநீர் வார்க்கும் கடை ஒன்று. வாரம் ஒருமுறை தவறாது செல்லும் மன்றமோ நூலகமோ ஆலயமோ ஒன்று. இரவு பத்து மணிக்குக் காய்ச்சல் கண்டாலும் தயங்காது தட்டக்கூடிய கதவு ஒன்று. முதலிரண்டும் பழக்கத்தால் வாய்ப்பவை. மூன்றாவது, தன் கதவையும் அவ்வாறே பிறருக்குத் திறந்து வைத்திருப்பவனுக்கே வாய்ப்பது.

இக்கடமை வந்தவனுக்கு மட்டும் உரியதன்று. முன்பே வந்து வேரூன்றியவருக்கும் உரியது. மாடிப்படியிற் புதிய முகம் ஒன்றைக் கண்டால், “எப்ப வந்தனீர், தம்பி? பின்னேரம் ஒருக்கா வீட்டுப்பக்கம் வாரும்” என்று சொல்லுவதற்குப் பொருட்செலவு எதுவும் இல்லை.

காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய உருத்திரங்கண்ணனார், பட்டினப்பாலையில் அந்நகரின் செல்வத்தையும் கலங்களையும் மாடங்களையும் விரித்துரைத்த பின், பல மொழி பேசும் நாடுகளிலிருந்து புலம்பெயர்ந்து வந்தோர் அங்கே ஒருவரோடொருவர் கலந்து இனிது வாழ்ந்தனர் என்பதையும் அந்நகரின் சிறப்பாகவே கூறுகிறார். அந்நகர் கடலுள் மறைந்தது என்பது மரபு. அவர் கூறிய அச்சிறப்பு, விளக்கேற்றும் நேரத்தில் எந்த நகரும் தன்னைத் தானே நோக்கிக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியாக இன்றும் நிற்கிறது.