இருவேகப் பின்னச்சு
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியம் முழங்க வேண்டிய மேடையில் லாரியின் பின்னச்சைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்துவிட்டார். மறுத்துப் பார்த்தேன், விடவில்லை. தடாவில் வாழும் தமிழர்க்கு லாரி அயலான பொருளா என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடையில்லை. சென்னையினின்று வடக்கே செல்லும் பெருஞ்சாலையில், ஆந்திர எல்லையைக் கடந்ததும் வரும் ஊர் இது. 2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வரும்வரை இங்குள்ள சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நின்றதை மூத்தோர் அறிவர். அவ்வாறு நின்ற வண்டிகளை நம்பிப் பிழைத்த பட்டறைகளுள் ஒன்றிலேதான் நான் ஸ்பானர் பிடிக்கக் கற்றேன். ஸ்ரீசிட்டித் தொழிற்சாலைகளுக்கு வேலையாய் வந்துள்ள இளைஞர்கள் இவ்வச்சைக் கண்டிருக்க மாட்டார்கள்; ஆகவே அடியிலிருந்தே தொடங்குகிறேன்.

பழைய லாரிகளின் கியர்ப்பெட்டியில் நான்கைந்து வேகங்களே இருந்தன. பாரத்தோடு மேடேறும்போது ஒரு கியர் கனமாகவும் அதற்கடுத்தது இலேசாகவும் இருக்கும். இடையில் ஒன்றிருந்தால் நன்று எனத் தோன்றும். அவ்விடைவெளியை நிரப்பவே அமெரிக்காவின் ஈட்டன் நிறுவனம் முதலியவை இருவேகப் பின்னச்சைச் செய்தன. அமெரிக்க லாரிகளில் வழங்கிய ஓர் அளவைச் சொல்கிறேன். உயர்வேகத்தில் சக்கரம் ஒருமுறை சுழல, நெடுந்தண்டு 5.83 முறை சுழல வேண்டும், தாழ்வேகத்தில் 8.11 முறை. அதே கியரில், அதே என்ஜின் ஓட்டத்தில், வண்டியின் வேகம் நூற்றுக்கு இருபத்தெட்டு குறையும். இழுவை அதற்கேற்பக் கூடும். நான்கு கியர் இவ்வாறு எட்டாகிறது.

இதன் உட்புறம் அழகானது. கிரவுன் வீலின் உள்விளிம்பிலும் பற்கள் உண்டு. அவற்றோடு சிறு பல்சக்கரங்கள் பொருந்தி, நடுவிலுள்ள ஒரு பல்சக்கரத்தைச் சுற்றி வருகின்றன. கதிரவனைக் கோள்கள் சுற்றுவது போல. நடுச்சக்கரம் பக்கவாட்டில் நகரக் கூடியது. அது ஒருபுறம் நகர்ந்து அச்சின் கூட்டோடு பூட்டிக்கொண்டால் அசையாது நிற்கும். கோள்கள் அதன்மீது உருள, டிஃபரன்ஷியல் மெதுவாகச் சுழலும். இது தாழ்வேகம். மறுபுறம் நகர்ந்து கோள்களின் தாங்கியோடு பூட்டிக்கொண்டால் எல்லாம் ஒரே கட்டாகச் சுழலும். இது உயர்வேகம். நடுச்சக்கரத்தை நகர்த்துவது ஒரு கவை. கவையை இழுப்பது பழைய வண்டிகளில் என்ஜின் உறிஞ்சும் வெற்றிடம், பின்னர் வந்தவற்றில் சிறு மின்மோட்டார்.

பாரம் தாங்கிய பற்கள் நகரமாட்டா. இது விளங்கிவிட்டால் ஓட்டும் முறை தானே விளங்கும். தாழ்விலிருந்து உயர்வுக்குச் செல்ல, ஆக்சிலரேட்டரை அழுத்தியபடியே கியர்த் தடியிலுள்ள பொத்தானை மேலே தள்ளிவிட்டு, பிறகு காலை எடுக்க வேண்டும். என்ஜின் தணியும் அந்நொடியில் அச்சு மாறிக்கொள்ளும். உயர்விலிருந்து தாழ்வுக்கு வர, காலை எடுக்காமலே பொத்தானைக் கீழே தள்ளி, கிளட்சை ஒருமுறை விரைந்து மிதித்து விட வேண்டும். பொத்தானைத் தட்டிய உடனே அச்சு மாறவில்லையே என்று மீண்டும் மீண்டும் தட்டுவோர் பலர். அச்சு அவர்கள் காலுக்காகக் காத்திருக்கிறது என்பதை அவர்கள் அறியார்.

இறக்கத்தில் மட்டும் பொத்தானைத் தொடலாகாது. நடுச்சக்கரம் இப்புறமும் பூட்டாமல் அப்புறமும் பூட்டாமல் இடையில் நின்றுவிட்டால், என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உறவு அறுந்துபோம். பழைய லாரிகள் பலவற்றில் கைப்பிரேக்கு நெடுந்தண்டைத்தான் பிடிக்கிறது. அதுவும் அப்போது பயன்படாது. இளமையில் திருப்பதிப் பக்கம் ஒரு மேட்டில் இவ்வாறே நிறுத்திவிட்டு இறங்கினேன். கைப்பிரேக்கு இறுக்கமாக இருந்தது, கியரும் போட்டிருந்தது, வண்டியோ பின்னால் நகர்ந்தது! கிளீனர்ப் பையன் ஒரு கருங்கல்லைப் பின்சக்கரத்தடியில் உருட்டியிராவிடில் நான் இன்று இங்கு நின்று பேசியிருக்க மாட்டேன்.

பழுது பார்ப்பதைப் பற்றி ஒரு நிகழ்ச்சி. நான்காண்டுகளுக்கு முன், பழைய வண்டிகளில் பற்றுள்ள அன்பர் ஒருவர் அமெரிக்க லாரி ஒன்றைக் கொண்டுவந்தார். அச்சு வேகம் மாறவில்லை. வேறு பட்டறைகளில் மூன்று முறை பிரித்தாயிற்று. புதுப் பேரிங்கும் போட்டாயிற்று. இனி ஒரே வேகத்தில் நிற்கும்படி வெல்டு வைத்துவிடலாம் என்று ஒருவர் சொல்லி, அவரும் இசையும் நிலையில் இருந்தார். நான் அச்சின் பக்கமே போகவில்லை, முன்மூடியைத் திறந்தேன். பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு, எந்தக் காலத்திலோ டீசல் வைத்திருக்கிறார்கள்; வெற்றிடக் குழாயை அதன் காற்றுவழியிலேயே செருகியிருக்கிறார்கள். பெட்ரோல் என்ஜினில் காற்றுவழியைத் தகடொன்று அடைப்பதால் வெற்றிடம் உண்டாகிறது. இந்த டீசலில் அத்தகடே இல்லை. வெற்றிடம் எங்கிருந்து வரும்? வெற்றிடப் பம்பு ஒன்றை வாங்கி என்ஜினோடு இணைத்தோம். வெடித்திருந்த இரண்டு ரப்பர்க் குழாய்களை மாற்றினோம். அச்சு மாறிற்று. அன்பர் முகத்தில் மகிழ்ச்சியும், மூன்று முறை கொடுத்த கூலியின் நினைவும் ஒருங்கே தோன்றின.

ஆகவே குழாய், கம்பி, மின்தரை இணைப்பு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். பிறகு மாற்றுங்கருவியை மட்டும் கழற்றி, கவையைக் கம்பியால் நெம்பிப் பார்க்க வேண்டும். கவை நகர்ந்தால் குறை கருவியில். நகராவிட்டால்தான் அச்சைத் திறக்க வேண்டும். திறந்தால் நடுச்சக்கரத்துப் பல்முனை மழுங்கியிருக்கிறதா, கவை வளைந்திருக்கிறதா எனக் காண்க. கிரவுன் வீலையும் பினியனையும் இணைபிரித்து மாற்றாதீர். அவை ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்டவை. மின்கருவிக்குத் தனியே இலேசான எண்ணெய் உண்டு. அதை மறந்து அச்சின் கனத்த எண்ணெயை ஊற்றுவோர் இன்றும் இருக்கின்றனர்.

அந்த லாரி இப்போது ஓடுகிறது. அதன் இருக்கைக்கடியில் மரக்கட்டைகள் இரண்டு வைத்துக் கொடுத்தேன். மேட்டில் நிறுத்தினால் அவற்றைச் சக்கரத்தடியில் இட்ட பின்னரே இறங்குவதாக அன்பர் வாக்களித்திருக்கிறார்.